விமான நிலையச் சோதனையில் லேப்டாப்: வீட்டில் பை கட்டுவது முதல் கேட் வரை

எக்ஸ்ரே எந்திரத்துக்குள் போனால் லேப்டாப் கெட்டுப்போகுமா? முதல் முறை விமானம் ஏறுகிறவர்கள் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்கள். கெடாது. ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு எதற்கும் அந்தக் கதிரால் பாதிப்பில்லை. பழைய ஃபிலிம் ரோல் கேமரா வைத்திருப்பவர்கள் மட்டும் ரோலைத் தனியாகக் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

லேப்டாப்புக்கு வரும் ஆபத்தெல்லாம் அந்த எந்திரத்துக்கு வெளியேதான் இருக்கிறது. அதை ட்ரேயில் வைத்துவிட்டு நீங்கள் ஒரு வரிசையில் போக, அது பெல்ட்டில் வேறு வழியாகப் போகிறது. அந்தச் சில நிமிடங்களில்தான் அது கீழே விழுகிறது, பின்னால் வரும் ட்ரே மோதி மூலை நசுங்குகிறது, அதே மாதிரி லேப்டாப் வைத்திருக்கும் இன்னொருவரின் பைக்குள் போய்விடுகிறது, அல்லது விமானத்தைப் பிடிக்கும் அவசரத்தில் ட்ரேயிலேயே தங்கிவிடுகிறது. இந்த இடைவெளியை எப்படிச் சுருக்குவது என்பதுதான் இங்கே பேச்சு. சென்னை, மதுரை, கோவை, திருச்சி, பெங்களூரு போன்ற இந்திய விமான நிலையங்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வெளிநாட்டில் என்ன மாறுகிறது என்பது பின்னால் வருகிறது.

எதற்காக வெளியே எடுக்கச் சொல்கிறார்கள்?

சோதனை எந்திரத்தின் திரையில் பொருள்கள் நிறம் நிறமாகத் தெரியும். உணவு, காகிதம், துணி, பிளாஸ்டிக் போன்ற கரிமப் பொருள்கள் ஆரஞ்சு நிறத்திலும், இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள் நீல நிறத்திலும், இரண்டுக்கும் நடுவில் வருபவை பச்சையிலும் வரும். வெடிமருந்துகளில் பெரும்பாலானவை கரிமப் பொருள்கள், அதனால் அவையும் ஆரஞ்சுதான். லேப்டாப்பில் பேட்டரி, சர்க்யூட் போர்டு, உலோகத் தகடு எல்லாம் அடர்த்தியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. வழக்கமான எந்திரம் ஒன்றிரண்டு கோணங்களில் தட்டையான படம்தான் தரும். எழுதிய நாலு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து விளக்கின் முன் பிடித்தால் எந்த வரி எந்தத் தாளில் இருக்கிறது என்று தெரியுமா? பைக்குள் இருக்கும் லேப்டாப்பும் அப்படித்தான். அதற்குக் கீழே இருப்பதும் தெரியாது, அதற்குள் இருப்பதும் சரியாகத் தெரியாது.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. 2016 பிப்ரவரி 2 அன்று சோமாலியாவின் மொகடிஷுவிலிருந்து கிளம்பிய டாலோ ஏர்லைன்ஸ் விமானத்தில், புறப்பட்டுச் சுமார் 20 நிமிடத்தில் குண்டு வெடித்துப் பக்கச் சுவரில் ஓட்டை விழுந்தது. குண்டு லேப்டாப்புக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்டது என்பது விசாரணையில் தெரிந்தது. விமானம் இன்னும் முழு உயரத்துக்கு ஏறவில்லை. குண்டு கொண்டுவந்தவர் அந்த ஓட்டை வழியாக வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். விமானம் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் அமெரிக்கா, துபாய், அபுதாபி, தோஹா உட்பட 10 விமான நிலையங்களிலிருந்து நேராகத் தன் நாட்டுக்கு வரும் விமானங்களில் ஸ்மார்ட்போனைவிடப் பெரிய எந்தக் கருவியையும் கேபினுக்குள் கொண்டுவரக் கூடாது என்று தடை போட்டது. வளைகுடா வழியாக அமெரிக்கா போகும் நம் ஊர் ஐடி ஆட்கள் லேப்டாப்பைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிட்டு மனதைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம் அது. ஜூலை மாதத்துக்குள் அந்தத் தடை படிப்படியாக விலக்கப்பட்டது.

இந்தியாவில் பாதுகாப்பு விதிகளை வகுப்பது சிவில் விமானப் பாதுகாப்புப் பணியகமான பிசிஏஎஸ். பெரிய விமான நிலையங்களில் அவற்றை நடைமுறைப்படுத்துவது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையான சிஐஎஸ்எஃப். 1999 டிசம்பரில் நடந்த காந்தஹார் விமானக் கடத்தலுக்குப் பிறகு, 2000-இல் ஜெய்ப்பூரில் தொடங்கி ஒவ்வொரு விமான நிலையமாக இந்தப் படையிடம் ஒப்படைக்கப்பட்டன. ட்ரே எடுத்துக் கொடுக்கும் தனியார் ஊழியரோடு நீங்கள் வாதம் செய்யலாம், ஆனால் விதி அவர் கையில் இல்லை என்பது நினைவிருக்கட்டும்.

முதல் நாள் இரவு

பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும். லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள். மூடியை மட்டும் மூடி ஸ்லீப்பில் போட்டால், பைக்குள் தானாக விழித்துக்கொண்டு சூடாகிக் கிடக்கும். முழுதாக அணைத்த லேப்டாப்பில்தான் என்கிரிப்ஷனும், அதாவது கடவுச்சொல் இல்லாமல் கோப்புகளைப் படிக்க முடியாதபடி பூட்டுவதும், முழுப் பாதுகாப்பைத் தரும். விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட் இயங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள். லேப்டாப் தொலைந்தால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். அதிலிருக்கும் பான் கார்டு நகல், வங்கி விவரம், ஆபீஸ் கோப்புகள் அந்நியர் கையில் போனால்தான் தலைவலி. முக்கியமானதை ஒரு காப்பு எடுத்து வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள். லேப்டாப் இருக்கும் அதே பையில் காப்பு டிஸ்க்கையும் போட்டுக்கொண்டு போவதில் அர்த்தமே இல்லை.

பேட்டரியில் ஓரளவாவது சார்ஜ் இருக்கட்டும். கருவியை இயக்கிக் காட்டச் சொல்லும் அதிகாரம் சோதனை செய்பவர்களுக்கு உண்டு. 2014 ஜூலையில் அமெரிக்காவின் போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பான டிஎஸ்ஏ, சில வெளிநாட்டு விமான நிலையங்களிலிருந்து அங்கே வருபவர்களின் கருவிகள் உயிரோடு இருக்க வேண்டும், சார்ஜ் இல்லாமல் திறக்காத கருவி விமானத்தில் ஏறாது என்றே அறிவித்தது.

அப்புறம் அடையாளம். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். திங்கட்கிழமை காலை பெங்களூரு விமானத்தின் வரிசையில் நின்று பாருங்கள்: ஒரே சாம்பல் நிற மேக்புக், ஒரே கறுப்பு திங்க்பேட், ட்ரேக்கு ட்ரே. மூடியின் மேல் சட்டென்று கண்ணில் படும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள். ஆபீஸ் லேப்டாப்பில் ஒட்ட அனுமதியில்லை என்றால் ஒரு பட்டை கலர் டேப் போதும், பிறகு உரித்துவிடலாம். அடிப்பக்கத்தில் பெயரும் ஒரு மொபைல் எண்ணும் இருக்கட்டும். அந்த எண் உங்களுடையதாக இருப்பதைவிட வீட்டில் இருக்கும் ஒருவருடையதாக இருப்பது நல்லது, ஏனென்றால் லேப்டாப் கிடைத்தவர் கூப்பிடும்போது நீங்கள் வானத்தில் இருப்பீர்கள். சீரியல் எண்ணை வீட்டிலேயே போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சோதனைப் பகுதியில் போன் கேமராவைத் தூக்கினால் உடனே அதட்டல் வரும்.

பேட்டரி உப்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள். மூடி சரியாகப் பொருந்தவில்லை, டிராக்பேட் மேலே தூக்கி நிற்கிறது, மேஜையில் வைத்தால் ஆடுகிறது என்றால் அந்த லேப்டாப்போடு விமானம் ஏறாதீர்கள், பேட்டரியை மாற்றிவிட்டுப் பயணம் போங்கள். 2015 செப்டம்பர் முதல் 2017 பிப்ரவரி வரை பெரும்பாலும் விற்பனையான 15 அங்குல மேக்புக் ப்ரோக்களின் பேட்டரி சூடாகித் தீப்பிடிக்கலாம் என்று ஆப்பிள் 2019 ஜூனில் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தியாவின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவும் அந்த மாடலை விமானத்தில் கொண்டுவர வேண்டாம் என்று பயணிகளைக் கேட்டுக்கொண்டது. பழைய மேக்புக் கைமாறி வாங்கியவர்கள் இதைச் சரிபார்ப்பது நல்லது.

வாட்-அவர் கணக்கு

லித்தியம் பேட்டரிக்கான வரம்பு வாட்-அவரில் வருகிறது, பேட்டரி எவ்வளவு மின்சாரத்தைத் தேக்கும் என்பதன் அளவு அது. 100 வாட்-அவர் வரை யாரையும் கேட்க வேண்டியதில்லை. 100-க்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதிலும் உதிரி பேட்டரி என்றால் இரண்டுதான். 160-ஐத் தாண்டினால் பயணியோடு வரவே முடியாது.

லேப்டாப்பின் அடியில் வாட்-அவர் அச்சிட்டிருக்காவிட்டால் வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்குங்கள். 11.4 வோல்ட், 4400 எம்ஏஎச் (அதாவது 4.4 ஆம்பியர்-அவர்) என்றால் 11.4 × 4.4, சுமார் 50 வாட்-அவர். சாதாரண லேப்டாப்புகள் எல்லாம் வரம்புக்குள்தான் வரும். கேமிங் லேப்டாப்புகளும் 16 அங்குல மேக்புக் ப்ரோவும்கூட 100-ஐத் தொட்டு நிற்கும்படிதான் செய்யப்படுகின்றன.

சிக்கல் பவர் பேங்கில்தான். அதன் உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட். 10,000 எம்ஏஎச் என்றால் 37 வாட்-அவர், 20,000 என்றால் 74. 30,000 என்று பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பதை ஆசைப்பட்டு வாங்கினால் 111 ஆகிவிடுகிறது, அனுமதி கேட்க வேண்டிய வகை. எண் அழிந்துபோன, எதுவுமே அச்சிடாத மலிவு பவர் பேங்கைப் பிடுங்கி வைத்துக்கொண்டால் உங்களால் ஒன்றும் சொல்ல முடியாது. 2025 ஜனவரி 28 அன்று தென்கொரியாவின் பூசானில் ஏர் பூசான் விமானம் தரையில் நின்றபடியே எரிந்தது. எல்லாரும் தப்பினார்கள், ஆனால் தீக்குக் காரணம் பவர் பேங்காக இருக்கலாம் என்று விசாரணை சொன்னது. அதற்குப் பிறகு பல நிறுவனங்கள் கெடுபிடி காட்டுகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் அக்டோபர் 1 முதலும், விமானத்துக்குள் பவர் பேங்கால் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டன. ஆகவே லேப்டாப்பை முழுதாகச் சார்ஜ் செய்துகொண்டு வருவதே புத்திசாலித்தனம்.

பையை அடுக்குவது

லேப்டாப் ஒரே இழுப்பில் வெளியே வர வேண்டும். பையின் முதுகுப் பக்கம் தனி ஜிப் இருந்தால் அங்கே வையுங்கள். சார்ஜர், மவுஸ், கேபிள், பவர் பேங்க் எல்லாவற்றையும் ஒரு சின்னப் பையில் போட்டு மேலாக வைத்தால், கேட்கும்போது அப்படியே எடுத்து ட்ரேயில் போட்டுவிடலாம். கேபிள்கள் பை முழுக்கச் சுற்றிக் கிடந்தால் திரையில் அது நல்ல காட்சி இல்லை.

இங்கே நம் ஊர்ப் பயணிகளுக்கென்று தனியாக ஒன்று சொல்ல வேண்டும். திருநெல்வேலி அல்வாவை லேப்டாப் பையில் போடாதீர்கள். கிண்டல் இல்லை. அடர்த்தியான இனிப்பு திரையில் கெட்டியான ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும், அதன் மேல் ஒயர், பக்கத்தில் பேட்டரி. பார்ப்பவர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். மைசூர்பாகு, எள்ளுருண்டை, ஒரு கிலோ ஜாடியில் இட்லிப் பொடி எல்லாம் இதே கதைதான். அவற்றைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், முடியாவிட்டால் வேறு கைப்பையில் போடுங்கள். ஊறுகாயும் நெய்யும் கேபினில் வம்பு. கொப்பரைத் தேங்காய் எந்தப் பெட்டியிலும் வேண்டாம், எண்ணெய்ப்பசையால் எளிதில் தீப்பற்றும் பொருள் என்று அதற்கு இந்திய விமானங்களில் இடமில்லை.

ரிப்பேர் வேலை பார்ப்பவர்கள் ஸ்க்ரூ டிரைவர் செட்டை லேப்டாப் பையின் பக்க ஜிப்பில் மறந்து வைத்திருப்பார்கள். இந்தியாவில் அது கேபினுக்குள் போகாது. கத்தரிக்கோல், கட்டர், நோட்டு அறுக்கும் பிளேடு எல்லாம் அதே வகை. கிளம்பும் முன் எல்லா ஜிப்பையும் ஒரு முறை தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிடுங்கள்.

செக்-இன் கவுன்டரில்

லேப்டாப்பைச் செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். முழுதாக அணைத்து, அடிபடாமல் பொதித்து வைத்தால் விதி அனுமதிக்கிறது என்பது உண்மை. ஆனால் பெட்டிகளைத் தூக்கி எறிகிற வேகத்தை ஜன்னல் வழியாக ஒரு தடவை பார்த்தவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள். அதோடு, சரக்கு அறையில் பேட்டரி புகைந்தால் உடனே ஓடிப்போய் அணைக்க அங்கே ஆள் இல்லை. பவர் பேங்கையும் உதிரி பேட்டரியையும் செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, இதில் விலக்கே கிடையாது. போட்டுவிட்டால் பெட்டியைத் திறக்க உங்களைத் திரும்ப அழைப்பார்கள், விமானம் கிளம்பும் நேரத்தில் அந்த அறைக்கு ஓடுவது பெரிய அவஸ்தை.

காகித போர்டிங் பாஸ் ஒன்றை அச்சடித்துக்கொள்ளச் சொல்வேன். மொபைலில் இருக்கிறதே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஆனால் சோதனையில் மொபைல் ட்ரேக்குள் போய்விடும், பாஸைக் காட்டச் சொன்னால் ட்ரேயைத் தேட வேண்டும். அந்த நேரத்தில்தான் கவனம் லேப்டாப்பை விட்டு விலகும்.

வரிசையில் நிற்கும்போது

வரிசை முன்னால் நகர்வதற்குள் தயாராகிவிடுங்கள். மொபைல், பர்ஸ், சாவி, கைக்கடிகாரம், சில்லறை எல்லாவற்றையும் பையின் ஒரே ஜிப்புக்குள் போட்டு மூடுங்கள். ட்ரேயில் தனித்தனியாகப் போட்டால் மறுபக்கம் ஆறு பொருளைப் பொறுக்க வேண்டும், பைக்குள் போட்டால் எடுக்க வேண்டியது பையும் லேப்டாப்பும் மட்டும்தான். பெல்ட் உலோக பக்கிளோடு இருந்தால் அதையும் கழற்றி உள்ளே போட்டுவிடலாம்.

இந்தியாவில் இன்னொரு விஷயம் இருக்கிறது, வெளிநாட்டு வழிகாட்டிகளில் இது வராது. இங்கே உலோகக் கண்டறி வாசலைக் கடந்த பிறகும் ஒவ்வொருவரையும் கைக்கருவியால் தனியாகச் சோதிக்கிறார்கள். ஆண்கள் சின்ன மேடையில் ஏறிக் கை விரித்து நிற்க வேண்டும். பெண்களைத் திரை போட்ட அறைக்குள் பெண் காவலர்கள் சோதிப்பார்கள். பெண்களுக்கான அறைகள் குறைவாக இருந்தால் அந்த வரிசை மெதுவாக நகரும், திரைக்குள் நிற்கும்போது பெல்ட்டும் கண்ணில் படாது. லேப்டாப்போ மறுமுனையில் எப்போதோ வந்து காத்திருக்கும்.

கணவன் மனைவியாகவோ குடும்பமாகவோ போனால் இதற்கு எளிய வழி உண்டு. யாருடைய வரிசை வேகமாகப் போகிறதோ அவர் முதலில் கடந்து மறுமுனையில் நின்றுகொள்ளட்டும். அவர் அங்கே போய் நின்ற பிறகு மற்றவர் லேப்டாப் ட்ரேயைத் தள்ளட்டும். தனியாகப் போகும் பெண்கள், தங்கள் சோதனை வரிசையில் முன்னால் எத்தனை பேர் என்று எட்டிப் பார்த்துவிட்டு, நெருங்கும்போது ட்ரேயை விடுவது நல்லது. பின்னால் இருப்பவர் முணுமுணுத்தால் “நீங்க முன்னாடி போங்க” என்று வழிவிட்டுவிடுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள்.

ட்ரேயில் வைக்கும் முறை

லேப்டாப்புக்கு ஒரு தனி ட்ரே. உறையிலிருந்து எடுத்து, மூடிய நிலையில், தட்டையாக, அடிப்பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே எதுவும் வேண்டாம், ஜாக்கெட்டும் வேண்டாம், பையும் வேண்டாம். விளிம்பு ட்ரேக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உருளைகளில் சிக்கும், பின்னால் வரும் ட்ரே வந்து இடிக்கும். பெரிய லேப்டாப் என்றால் கொஞ்சம் திருப்பி, முழுதாக உள்ளே இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு லேப்டாப் கொண்டுபோகிறவர்கள், ஆபீஸுடையது ஒன்று சொந்தம் ஒன்று என்று, இரண்டையும் அடுக்கி ஒரே ட்ரேயில் வைத்தால் திரும்ப அனுப்புவார்கள். டேப்லெட்டையும் கேமராவையும் வெளியே எடுக்கச் சொல்வது இடத்துக்கு இடம் மாறும். சென்னையிலும் பல நேரம் இந்தியில்தான் குரல் வரும்: லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க், எல்லாம் “பாஹர்”, அதாவது வெளியே. அவ்வளவுதான் விஷயம், எடுத்து வைத்துவிடுங்கள்.

தண்ணீர் பாட்டில் லேப்டாப் ட்ரேயில் வேண்டவே வேண்டாம். உள்நாட்டு விமானத்தில் தண்ணீர் பாட்டிலைப் பொதுவாக விட்டுவிடுகிறார்கள், சர்வதேச விமானத்தில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் போகாது. எதுவானாலும் சாய்ந்து ஒழுகினால் அது தேங்கும் இடம் ட்ரேயின் அடிப்பகுதி, லேப்டாப்பின் காற்றுத் துளைகள் இருப்பதும் அங்கேதான்.

ட்ரேக்களை விடும் வரிசையும் முக்கியம். முதலில் காலணி, ஜாக்கெட் போன்றவை. பிறகு பை. கடைசியில் லேப்டாப். காரணம், முதலில் போவது முதலில் வெளியே வந்து அநாதையாக நிற்கும். நீங்கள் சோதனை முடிந்து வருவதற்குள் ஜாக்கெட் காத்திருந்தால் பரவாயில்லை. ட்ரே உங்கள் கண்ணெதிரே எந்திரத்தின் ரப்பர் திரைக்குள் நுழைவதைப் பார்த்த பிறகே வாசலை நோக்கி நடங்கள். எண் ஒட்டிய ட்ரேயாக இருந்தால் எண்ணைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

ட்ரே வேறு பாதையில் போய்விட்டால்

தானாக ட்ரே திரும்பும் எந்திரங்கள் உள்ள நிலையங்களில், சந்தேகம் வந்த ட்ரே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உள்ள தனிப் பாதைக்குத் திரும்பிவிடும். உங்கள் லேப்டாப் மறுமுனைக்கு வராவிட்டால் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும். திருட்டுப் போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை.

“இந்தப் பை யாருடையது?” என்று கேட்டால் கை தூக்குங்கள். அவர்கள் திறக்கச் சொல்லும்வரை நீங்களாகப் பையில் கை வைக்காதீர்கள். சில சமயம் ஒரு துணித் துண்டால் கீபோர்டையும் கீல் பகுதியையும் துடைத்து அதை ஒரு எந்திரத்தில் வைப்பார்கள். வெடிமருந்தின் நுண்ணிய தடயம் இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது, சில விநாடிகளில் முடிவு சொல்லிவிடும். உரம், சில இதய மாத்திரைகள், கிளிசரின் கலந்த கைக் கிரீம் போன்றவையும் அதைச் சத்தமிட வைக்கலாம். தீபாவளிக்குப் பட்டாசு வெடித்த கையோடு லேப்டாப்பைத் தொட்டுவிட்டு இரவு விமானம் பிடிப்பவர்கள் கையையும் லேப்டாப்பையும் நன்றாகத் துடைத்துவிட்டு வாருங்கள். சத்தம் வந்துவிட்டால் மறுபடி சோதிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், உண்மையைச் சொன்னால் முடிந்துவிடும்.

இயக்கிக் காட்டச் சொன்னால் நீங்களே திறந்து காட்டுங்கள். உள்நுழைவுத் திரை வந்தாலே கருவி வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும். இந்த இடத்தில் வாயில் வரக்கூடாத சொல் ஒன்று உண்டு: “பாம்”. விளையாட்டுக்குச் சொன்னவர்களும் விமானத்தை விட்டுவிட்டுக் காவல் நிலையத்துக்குப் போயிருக்கிறார்கள்.

மறுமுனையில்

லேப்டாப்தான் முதலில், பெல்ட்டைக் கட்டுவது, ஷூ போடுவது எல்லாம் பிறகு. ஸ்டிக்கரைப் பார்த்து உங்களுடையதுதான் என்று உறுதி செய்து, நேராகப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடுங்கள். கையிடுக்கில் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் மொபைலைத் தேடுவதில்தான் லேப்டாப் தரையில் விழுகிறது. பையைத் தூக்கிக்கொண்டு பெல்ட்டை விட்டுச் சற்று தள்ளியிருக்கும் இருக்கைக்குப் போய் மற்றதைச் செய்யுங்கள். கிளம்பும் முன் ட்ரேக்களைத் திரும்பிப் பாருங்கள். கறுப்பு ட்ரேயில் கறுப்புச் சார்ஜர் கிடப்பது கண்ணுக்கே தெரியாது.

புதிய ஸ்கேனர்களும் வெளிநாடுகளும்

மருத்துவமனை சிடி ஸ்கேன் போலவே முப்பரிமாணப் படம் தரும் எந்திரங்கள் இப்போது வந்துகொண்டிருக்கின்றன. படத்தைத் திரையிலேயே சுழற்றிப் பார்க்கலாம் என்பதால் லேப்டாப்பை வெளியே எடுக்க வேண்டியதில்லை. சிங்கப்பூர் சாங்கியில் 2017-இல் திறந்த நான்காம் முனையம் ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான். அதே சாங்கியின் முதல் மூன்று முனையங்களில் சோதனை கேட் வாசலில் நடக்கும். கடைகளைச் சுற்றிவிட்டுக் கடைசி நிமிடத்தில் கேட்டுக்குப் போனால் அவசரமாக லேப்டாப்பை உருவ வேண்டியிருக்கும், கொஞ்சம் முன்னதாகவே போய்விடுங்கள். பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் பல நிலையங்கள் மாறிவிட்டன, இந்தியாவிலும் பெரிய நிலையங்களில் மாற்றம் தொடங்கியிருக்கிறது. ஆனால் ஒரே நிலையத்திலேயே ஒரு வரிசையில் புது எந்திரமும் பக்கத்து வரிசையில் பழையதும் இருக்கலாம். போன தடவை எடுக்கச் சொல்லவில்லையே என்று வாதாடாமல், அந்த வரிசையில் என்ன சொல்கிறார்களோ அதைச் செய்யுங்கள்.

துபாய், தோஹா போன்ற இடங்களில் விமானம் மாறும்போது இன்னொரு முறை சோதனை உண்டு. சென்னையில் நடந்தது முடிந்ததென்று லேப்டாப்பைப் பையின் அடியில் புதைத்துவிடாதீர்கள். இரவு முழுக்கத் தூங்காமல், இறங்கிய களைப்பில் வரிசையில் நிற்கும் இந்த இரண்டாவது சோதனையில்தான் ட்ரேயில் விட்டுவிட்டுப் போவது அதிகம் நடக்கும் என்று நான் நினைக்கிறேன். அமெரிக்காவில், முன்கூட்டியே சரிபார்க்கப்பட்ட பயணிகளுக்கான டிஎஸ்ஏ ப்ரீசெக் வைத்திருப்பவர்கள் லேப்டாப்பைப் பையிலேயே விடலாம். அங்கே நாட்டுக்குள் நுழையும்போது லேப்டாப்பைத் திறந்து உள்ளே இருப்பதைப் பார்க்கும் அதிகாரம் எல்லைக் காவல் துறைக்கு உண்டு. ஆபீஸ் ரகசியம் சுமப்பவர்கள் புறப்படும் முன்பே நிறுவனத்திடம் என்ன செய்வதென்று கேட்டுவிடுவது நல்லது.

கேட்டில் பையைப் பிடுங்கினால்

சோதனை முடிந்துவிட்டது, இனி கவலையில்லை என்று உட்காரும்போது இது வரும். விமானம் நிரம்பிவிட்டது, மேலே இடமில்லை, உங்கள் கைப்பெட்டியைச் சரக்கு அறைக்கு அனுப்புகிறோம் என்று கேட்டில் டேக் ஒட்டுவார்கள். கொடுக்கும் முன் லேப்டாப்பையும் பவர் பேங்கையும் கட்டாயம் வெளியே எடுங்கள். ஊழியர் அவசரப்படுத்தினாலும், “பவர் பேங்க் இருக்கு” என்று சொன்னால் அவரே நின்று எடுக்கச் சொல்வார். இதற்காகவே மடித்து வைக்கக்கூடிய மெல்லிய துணிப்பை ஒன்று பெட்டியின் மேலாக இருப்பது உதவும்.

தொலைந்துவிட்டால், மாறிவிட்டால்

மறுமுனையில் கிடப்பது உங்கள் லேப்டாப் மாதிரியே இருக்கிறது, ஆனால் ஸ்டிக்கர் இல்லை என்றால் அதை எடுக்காதீர்கள். அங்கேயே நிற்கும் சிஐஎஸ்எஃப் அதிகாரியிடம் உடனே சொல்லுங்கள். மாற்றி எடுத்தவர் இன்னும் அந்தக் கூடத்திலேயே, ஏதோ ஒரு கேட்டில்தான் உட்கார்ந்திருப்பார். சிசிடிவியைப் பார்த்து எந்த ட்ரேயை யார் எடுத்தார், எந்தப் பக்கம் போனார் என்று கண்டுபிடித்துவிடலாம். நேரம் போகப் போகத்தான் கஷ்டம், அவர் விமானம் ஏறிவிட்டால் லேப்டாப் வேறு ஊருக்குப் போய்விடும்.

விமானத்தில் உட்கார்ந்த பிறகோ, இறங்கிய பிறகோ நினைவு வந்தால், விமான நிலையத்தின் தொலைந்த பொருள் பிரிவைத் தொடர்புகொள்ளுங்கள். சோதனைப் பகுதியில் அநாதையாகக் கிடந்தவற்றை அங்கே சேர்ப்பார்கள். சிஐஎஸ்எஃப் தன் இணையதளத்தில் நிலையம் வாரியாகக் கிடைத்த பொருள்களின் பட்டியலையும் போடுகிறது. தேதி, நேரம், எந்த முனையம், எத்தனையாவது வரிசை, லேப்டாப்பின் நிறம், மாடல், சீரியல் எண், ஸ்டிக்கரின் விவரம் எல்லாவற்றையும் ஒரே தகவலில் எழுதுங்கள். போர்டிங் பாஸைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், அடையாள அட்டையோடு அதையும் கேட்பார்கள். நீங்களே போக முடியாவிட்டால், உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தோடு வேறொருவரை அனுப்பலாமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கிடையில் வேறு கருவியிலிருந்து முக்கியக் கணக்குகளின் கடவுச்சொல்லை மாற்றி, தொலைந்த கருவியைத் தேடும் ஃபைண்ட் மை வசதி இருந்தால் லேப்டாப்பைத் தொலைவிலிருந்தே பூட்டிவிடுங்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி பிரிவுக்கு அன்றே சொல்லிவிட வேண்டும், கிடைத்துவிடும் என்று இரண்டு நாள் காத்திருந்து பிறகு சொன்னால் அதற்கு வேறு விளக்கம் கேட்பார்கள்.